திருமஞ்சன நீர் போகும் வழி

எவரிடமும் எதையும் கேளாதிருத்தல் ஓர் அறம். தன் தேவையைப் பிறர் வாசலில் இறக்கி வைக்காதிருப்பது எல்லார்க்கும் கைவருவதில்லை. மல்லேஸ்வரத்தில் பழைய வீடொன்றில், மாநில அரசின் நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்று வாழும் கஸ்தூரிரங்கனுக்கு அது கைவந்திருந்தது. காபியில் சர்க்கரை இல்லையென்றால் சர்க்கரையில்லாத காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்.

அவர் மனைவி அனந்தலக்ஷ்மி மாசி மாதம் பரமபதம் அடைந்தாள். ஒரே மகன் ப்ரஹ்லாத் டொரொண்டோவிலிருந்து வந்து, பதின்மூன்று நாள் காரியங்களையும் செய்து முடித்துத் திரும்பினான். அழ வேண்டிய இடங்களில் கஸ்தூரிரங்கனுக்கு அழுகை வரவில்லை. பின்னரும் வரவில்லை. எழுந்தார், நீராடினார், உண்டார், நாட்காட்டியில் தாள் கிழித்தார்.

தொலைபேசியில் தந்தைக்கும் மகனுக்கும் பேச்சு எழவில்லை. "சாப்பிட்டியாப்பா?" "ஆச்சு. நீ?" "ஆச்சு." அதன்பின் இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே ப்ரஹ்லாத் அங்கிருந்தே தந்தையின் அறைக் கணினியில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். மலைச்சாலையில் இரண்டு லாரிகள் மரம் ஏற்றிச் செல்லும். முன்னதை மகன் ஓட்டுவான், பின்னதைத் தந்தை ஓட்டுவார். ஞாயிறு காலை ஏழரை முதல் எட்டரை வரை.

"அப்பா, லெஃப்ட்ல பள்ளம்."

"பாத்தேன்."

"கியர மாத்து."

"மாத்தியாச்சு."

ஒரு மணி நேரத்தில் ஐம்பது சொற்கள் தேறினால் அதிகம். ஆயினும் அவ்வாரம் முழுவதும் அவர் பேசிய பேச்சு அதுவே.

அவ்வீட்டில் அவர் தம்பி வெங்கியும், வெங்கியின் மனைவி ஸ்வர்ணாவும், எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் அவர்கள் மகள் ரக்ஷாவும் உடன் வாழ்ந்தனர். நால்வர்க்கும் ஒரே இணைய இணைப்பு. அதன் கம்பி, 'பெருமாள் உள்' என்று அவர்கள் சொல்லும் பூஜை அறை வழியே வந்தமையால், வைஃபை பெட்டியும் அங்கேயே, பெருமாள் எழுந்தருளியிருக்கும் கோயிலாழ்வார் என்னும் மர மண்டபத்துக்குப் பின்னால் அமர்ந்துவிட்டது. பெருமாள் அறையில் எதுவும் வெறுமனே இருக்கலாகாது என்று ஸ்வர்ணா அதற்குப் பட்டுத் துண்டு போர்த்தியிருந்தாள். அவ்வறைக்குப் பித்தளைத் தகடு வேய்ந்த தேக்குக் கதவு. கதவெங்கும் சிறு மணிகள். அங்கிருந்து கஸ்தூரிரங்கனின் அறைக்கு இடையே மூன்று சுவர்கள்.

ஆவணியில் லாரி தடுமாறத் தொடங்கிற்று. ஏழரைக்கு வெங்கி கூடத்துத் தொலைக்காட்சியில் இணையம் வழியே உபன்யாசம் போடுவார். ரக்ஷாவின் கைபேசி வாரம் முழுதும் எடுத்த படங்களை இணையத்தில் ஏற்றும். தந்தையின் லாரி வளைவில் அசைவற்று நிற்கும். நின்றது திடீரெனப் பாய்ந்து பள்ளத்தில் கிடக்கும்.

"அப்பா, இருக்கியா?" என்பான் ப்ரஹ்லாத். "அப்பா?"

உபன்யாசத்தை நிறுத்தச் சொல்லத் தம்பியிடம் அவர் போகவில்லை. கடைக்குப் போனார்.

"எட்டு ஆன்டெனா சார் இதுல!" என்றான் கடைக்கார கிரண். "கண்ண மூடிட்டு எடுத்துட்டு போங்க. மனே பூரா, வீடு முழுக்க சிக்னல் நிக்கும்."

அவர் எடுத்துக்கொண்டு வந்தார். புதுப் பெட்டிக்கு ஸ்வர்ணா சந்தனமும் குங்குமமும் இட்டாள். பழைய இடத்திலேயே அமர்த்தி, எட்டுக் கொம்புகளையும் மடக்கி, இன்னும் பெரிய பட்டாகத் தேடிப் போர்த்தினாள். அடுத்த ஞாயிறும் லாரி பள்ளத்தில் கிடந்தது.

ரக்ஷா வந்து கணினியின் முன் அமர்ந்து சோதித்தாள். "பெரியப்பா, ஸ்பீடெல்லாம் ஏகத்துக்கு இருக்கு. நீங்க ஒரு கீய அழுத்தினா அது அங்க போய்ட்டு வரணுமில்லையா? அந்த நேரம்தான் ஒவ்வொரு தடவையும் மாறறது. மூணு செவுரு, பித்தளைக் கதவு, அம்மாவோட பட்டு வேற!"

"வேற பெட்டி வாங்கட்டுமா?"

"நடுவுல இன்னொண்ணு வைக்கலாம். அதுவும் காத்துலதான் பேசும். கேமுக்கு ஒயர்தான் பெரியப்பா. பெருமாள் உள்ளேர்ந்து நேரா உங்க ரூமுக்கு. செவுத்துல ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சுது."

அடுக்களையிலிருந்து ஸ்வர்ணாவின் குரல் வந்தது. "வருஷாப்திகம் ஆகாம செவுத்துல கை வைக்கப்படாது. மாசி வரட்டும்."

இறப்பு நேர்ந்த வீட்டில் ஓராண்டுக்குள் சுவரை இடிப்பதோ துளைப்பதோ அக்குடும்பத்தில் வழக்கமில்லை. மாசிக்கு இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. "சரி" என்றார் கஸ்தூரிரங்கன்.

அதற்கடுத்த ஞாயிறு லாரி ஏழு முறை நின்றது. எட்டாம் முறையும் நின்றதும் ப்ரஹ்லாத் தன் லாரியையும் ஓரம் கட்டினான். பிறகு சொன்னான்: "அப்பா, உனக்கும் சிரமம். கொஞ்ச நாள் விட்டுடலாமா? நெட் சரியானதும் பாத்துக்கலாம்."

"சரி" என்றார். வாய்க்குப் பழகிய சொல்.

திரை அணைந்தது. அவர் அமர்ந்திருந்தார். காபியின் மேல் ஆடை படிந்திருந்தது. இனி ஞாயிறும் மற்ற நாட்களைப்போல் ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தார். அதற்கும் நெஞ்சில் ஒன்றும் எழவில்லை. ஒன்றும் எழாததுதான் அவரைச் சற்றே அச்சுறுத்தியது. கூடத்தில் உபன்யாசகர் முதலை வாயில் அகப்பட்ட யானையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நெடுங்காலம் தன் வலிமையால் இழுத்துப் பார்த்த யானை, கடைசியில் வாய்விட்டு அழைத்ததாம்.

கஸ்தூரிரங்கன் எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றார். அவர் அங்கு நின்று எவரும் கண்டதில்லை.

"ஸ்வர்ணா, எனக்கு அந்த ஒயர் வேணும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ப்ரஹ்லாத் விட்டுடலாங்கறான். விட்டா அவனோட பேச எனக்கு வேற வழி தெரியல. மாசி வரைக்கும் முடியாது."

தொலைக்காட்சி ஒலியை வெங்கி தணித்தார். ஸ்வர்ணா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "முப்பது வருஷத்துல நீங்க இது வேணும்னு கேட்டு நான் பாத்ததில்ல அண்ணா," என்றாள். "செவுத்த இடிக்கப்படாதுன்னுதான் சொன்னேன். ஓட்டை இருந்தா?"

பூஜை அறைச் சுவரின் அடியில், பெருமாளை நீராட்டிய திருமஞ்சன நீர் கொல்லைக்குப் போக ஒரு துளை தொன்றுதொட்டு இருந்தது. கொல்லையைப் பார்த்தபடிதான் அவர் அறையின் சன்னலும் இருந்தது.

"பெருமாள் தீர்த்தமும் டேட்டாவும் ஒரே வழியிலயா?" என்றார் வெங்கி.

"உங்க உபன்யாசம் மட்டும் எந்த வழியில வரதாம்?" என்றாள் ஸ்வர்ணா. "ஒயர அலம்பிட்டு உள்ள கொண்டு வாங்கோ."

"அம்மா, அலம்பினா அது போயே போயிடும்!" என்று ரக்ஷா அலறினாள். ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று உடன்பாடாயிற்று.

கஸ்தூரிரங்கன் அளவு நாடாவைத் தேடி எடுத்தார். துளையிலிருந்து கொல்லைச் சுவரோரமாய்ச் சன்னல் வழியே மேசை வரை பத்தொன்பது மீட்டர். வெயிலும் மழையும் தாங்கும் கம்பியை, நீர் படாவண்ணம் பிளாஸ்டிக் குழாயில் செருகி, துளையின் மேல் விளிம்பை ஒட்டிச் செலுத்தினார்கள். பெட்டியின் பட்டுத் துண்டைக் களைய மட்டும் ஸ்வர்ணா இசையவில்லை. இணைப்பில் லாரி முன், உபன்யாசம் பின் போகும்படி பெட்டியின் அமைப்பில் வரிசை வகுத்தாள் ரக்ஷா.

ப்ரஹ்லாதைக் கூப்பிட்டு, "இந்த ஞாயிறு வா," என்றார். அவன் வந்தான்.

லாரி ஒரு வளைவிலும் நிற்கவில்லை.

"பின்னாலயே வரியேப்பா!"

"வரேன்."

பாலம் கடந்தது. ஸ்வர்ணா பூஜை அறைக் கதவைச் சாத்தினாள்; மணிகள் குலுங்கின.

"பெருமாள் உள் கதவா?" என்றான் ப்ரஹ்லாத்.

"ஆமாம்."

"அம்மா சாத்தினா இன்னும் சத்தமா இருக்கும்."

"ஆமாம்," என்றார் கஸ்தூரிரங்கன். லாரியை ஒரு வளைவில் திருப்பிக்கொண்டே, "அறைஞ்சு சாத்துவா," என்றார்.

மாசிக்குப் பின் அவளைப்பற்றி அவ்விருவரிடையே பிறந்த முதற்சொல் அது. அழுகை அப்போதும் வரவில்லை. கியரை மாற்றி மேட்டில் ஏறினார்.

அவ்வில்லத்தில் விளக்கு குன்றாதிருக்கட்டும். கேளாதவர்க்குக் கேட்கும் வாயும், கேட்டவர்க்கு மறுக்காத கையும் அங்கே என்றும் வாய்க்கட்டும். திருமஞ்சன நீர் போகும் வழியே கடல் கடந்த பிள்ளையின் குரல் தடையின்றி வந்துகொண்டிருக்க, பெருமாள் அக்குடியைக் குறைவின்றிக் காத்தருள்வாராக.