பாரிஸைக் காப்பாற்றிய ஐந்து கையெழுத்துகள்

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் இந்தப் பதிவில் ஈபிள் கோபுரம் கிடையாது.

நான் திருச்சியில் இயற்பியல் ஆசிரியை. விண்கல் பூமியில் மோதாமல் தடுப்பது பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள். அக்டோபரில் பாரிஸ் போனபோது, லா சப்பல் பக்கம் ஒரு சமூகக் கூடத்தில் அதே விஷயத்தை வைத்துப் பொதுமக்களுக்கு ஒரு விளையாட்டு நடத்துவதாகத் தெரிந்தது. அனுமதி இலவசம். ஒரு சனிக்கிழமையை அதற்கே ஒதுக்கினேன்.

கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா சப்பலுக்குப் பத்து நிமிட நடை. மதியம் ஒன்றரைக்கு ஒரு யாழ்ப்பாண உணவகத்தில் சோறும் மீன்குழம்பும் பன்னிரண்டு யூரோ. (உறைப்பு அநியாயம், முன்பே சொல்லிவிடுகிறேன்.) பரிமாறிய யோகன் முல்லைத்தீவுக்காரர், முப்பது வயதிருக்கும். அவரிடம் கூடத்துக்கு வழி கேட்டேன்.

"அங்கை போனால் சேர்டிபிகேட் ஏதும் குடுப்பினமோ, அக்கா?"

அறிவிப்பில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன்.

"அப்ப நானும் வாறன். இஞ்சை இருக்கிறன் எண்டு காட்ட ஒவ்வொரு பேப்பராச் சேர்க்கிறன். அதில்லாமல் இஞ்சை தங்கிற விசா கிடைக்காது."

மூன்று முதல் ஆறு வரை அவருக்கு ஓய்வு. ஒன்றேகால் கிலோமீட்டர் வடக்கே நடந்து, மூன்றரை மணி ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஒரு மேசைக்கு ஆறு பேர். எங்களோடு நான்கு பிரெஞ்சுக்காரர்கள். எட்டு வருடம் கழித்துப் பாரிஸ் மேல் ஒரு விண்கல் விழப்போகிறது, என்ன செய்வீர்கள் என்பதுதான் ஆட்டம். விண்கலத்தை அனுப்பிக் கல்லை இடித்தால் அதன் வேகம் சற்று மாறும். போதுமான அளவு இடித்தால் பூமியைத் தாண்டிப் போய்விடும். எங்களுக்கு வந்த அட்டையிலோ சின்ன ராக்கெட் ஒன்றுதான். அதை வைத்து, கல் விழும் இடத்தை வரைபடத்திலுள்ள ஒரு கோட்டின் வழியே நகர்த்தத்தான் முடியும். கோடு இலங்கையின் வடகிழக்கில் போய் நின்றது. பக்கத்தில் ஒரு குறிப்பு: மக்கள் அடர்த்தி குறைந்த கடற்கரை.

மேசையில் ஒருவருக்கும் தயக்கமில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! தீர்மானத் தாள் சுற்றி வந்தது. நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவதாக நான். யோகன் பேனாவை எடுக்கவில்லை.

"அங்கை என்ரை அம்மா இருக்கிறா," என்றார் என்னிடம். பிறகு பிரெஞ்சில் அவர்களிடம் ஏதோ கேட்டார். மேசையே சிரித்தது. என்ன கேட்டீர்கள் என்றேன்.

"எட்டு வருசம் இருக்குத்தானே, பாரிஸ் சனத்தை எழுப்பி வேறை இடத்துக்கு அனுப்பலாமே எண்டு கேட்டன். ஏலாதாம். நாங்கள் ஒரு நாளிலை எழும்பினனாங்கள், அக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து கையெழுத்தே போதும் என்று பாரிஸ் காப்பாற்றப்பட்டதாக அறிவித்தார்கள். கைதட்டல், ஆரஞ்சுச் சாறு. நடத்திய பெண், கையெழுத்திட்டவர்களுக்கு மட்டும்தான் சான்றிதழ் என்றாள். ஆட்டத்தின் விதியாம். இங்கிலீஷில் அவளோடு பத்து நிமிடம் சண்டை போட்டேன். இரண்டு மணி நேரத்தில் அந்த மனிதர் ஒருவர்தான் கோட்டின் மறுமுனையில் ஆள் இருப்பதைச் சொன்னார், அவருக்கு வெறுங்கையா? அவள் புன்னகை மாறாமல் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"விடுங்கோ, அக்கா. ஆறு மணிக்கு நான் வேலையிலை நிக்க வேணும்."

திரும்பும் வழியில், விளையாட்டுதானே தம்பி, போட்டிருக்கலாமே என்றேன். பதிலுக்கு அவர் கேட்டது இவ்வளவுதான்: "நீங்கள் அந்தக் கோட்டைப் பாக்கேல்லையோ, அக்கா?"

பார்க்கவில்லை என்று சொன்னேன்.

இத்தனைக்குப் பிறகும் சொல்கிறேன்: விண்கல்லைத் திசைமாற்றும் அறிவியல் தேவை. முன்கூட்டியே கண்டுபிடித்து, முழுசாக விலக்க வேண்டும். அரைகுறையாகத் தள்ளினால் யார் தலையிலாவது விழும், யார் தலை என்பதைத் தள்ளுகிறவர்களே முடிவு செய்வார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: இரண்டே முக்காலுக்கே போய்விடுங்கள், இடம் நிறைந்துவிடும். பிரெஞ்சு தெரியாவிட்டால் இங்கிலீஷ் தாள் கேளுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன், கோடு எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தேன். திருச்சி அதில் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் போட்டேன்.