நெளிய மறுத்த பிளாஸ்டிக் மீன்

போன புதன்கிழமை சூலூர்க் குளக்கரையில் இருந்தவர்கள்: நான், விசைத்தறி ஓட்டும் பழனிச்சாமி, உக்கடத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஃபாரூக். இல்லாதவர், ஃபாரூக்கின் அப்பா; எங்களுக்கும் அவர் அத்தாதான். அவருக்காகத்தான் போயிருந்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சி வேண்டாம், ரொட்டி வேண்டாம். கடைசியில் ஒன்று கேட்டார் — சூலூர்க் குளத்து விரால். மார்க்கெட்டில் வாங்கிச் சமைத்ததை முகர்ந்து பார்த்தே தள்ளிவிட்டாராம். வாய்விட்டுக் கேட்ட ஒன்றைக்கூடக் கொடுக்காவிட்டால் எப்படி?

ஃபாரூக்கின் அண்ணன் துபாயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மீன் அனுப்பியிருந்தார். வயிற்றில் கொக்கி, மூக்கில் கம்பி வளையம். புழுவே தேவையில்லை, தண்ணீரில் இழுத்தால் நிஜ மீன் மாதிரி நெளியும், விரால் பாய்ந்து கவ்வும் என்று போனில் சொன்னாராம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் புரியாத பொருள் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் புரியவில்லை...

முடிச்சைப் பழனிச்சாமி போட்டார். தறியில் அறுந்த இழையை அவர் முடிந்தால், துணியைத் தடவினாலும் முடிச்சு தெரியாது. அதே கைதான். தூண்டில் நரம்பை வளையத்தோடு ஒட்ட இறுக்கி, மிச்சத்தைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

வீசினோம். இழுத்தோம். மீன் குச்சி மாதிரி விறைப்பாக வந்தது. மத்தியானம் வரை இதே கதை.

"ஏனுங்க, உங்க மீனு பொணமாட்ட வருதுங்க" என்றேன்.

"முடிச்சு அவுந்துதுங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றார் பழனிச்சாமி.

அவிழவில்லை. அதுதானே பிரச்சினை!

ஃபாரூக் மீனை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பட்டனைப் பிடித்து ஆட்டினார்.

"பட்டனைத் துணியோட ஒட்டத் தெச்சுபோட்டா காஜா ஓட்டையில நொழையாதுங்க. நூல்ல கொஞ்சம் கழுத்து உடோணும். இதுக்கும் அப்படித்தானோ என்னமோ."

முடிச்சை அறுத்தோம். பட்டாணி நுழையும் அளவுக்கு ஒரு கண்ணி விட்டு, அதற்கு மேலே முடிச்சு. வளையம் கண்ணிக்குள் தாராளமாக ஆடியது. இப்படித் தொளதொளவென்று கட்டுவது பழனிச்சாமிக்கு மானப் பிரச்சினை. முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினார்.

இந்த முறை இழுத்ததும் தலையை ஆட்டியது, உடம்பை நெளித்தது... கொஞ்ச நேரத்தில் நரம்பு வெடுக்கென்று கையை இழுத்தது. விரால்! கால் கிலோ தேறும்.

அக்கறை என்ற பெயரில் நாமும் எத்தனை பேரை அசைய விடாமல் கட்டிவைத்திருக்கிறோம்?

அன்று சாயங்காலம் அத்தா குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். எடுத்து வருகிறேன் என்று உள்ளே போன ஃபாரூக், முகம் கழுவிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

பஸ், டீ, குளத்துக் குத்தகைக்காரருக்குக் கொடுத்தது, பழனிச்சாமி விட்டுவந்த ஷிஃப்ட்டின் கூலி — கால் கிலோ விராலின் அடக்க விலை, தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.