செத்த வில்லன் திரும்பி வரலாமா?

இன்று காலை எங்கள் ஊர் சுவாவிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, போனில் எங்கள் விண்வெளிப் பட ரசிகர் குழுவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாகத்தில் கப்பலோடு வெடித்துச் செத்த வில்லன் மூன்றாம் பாகத்தில் திரும்பி வருகிறானாம்.

"செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும்லா. அவன் வந்துட்டா, அத்தனை பேரு சேர்ந்து ஜெயிச்சதுக்கு என்ன அர்த்தம்?" என்று எழுதினேன்.

"வில்லன் வரணும்மா. அவன் இல்லன்னா கதை ஏது?"

குரல் பக்கத்து சீட்டிலிருந்து வந்தது.

எங்கள் ஃபேக்டரியின் பழைய சூப்பர்வைசர். பெண்களிடம் தப்பாக நடந்ததற்காக நாங்கள் ஆறு பேர் புகார்க் கடிதம் எழுதி, இரண்டு வருடத்துக்கு முன் வெளியேற்றிய ஆள். எவ்வளவு நேரமாக என் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தானோ.

"எங்க சார், இந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"ஒங்க ஃபேக்டரிக்குத்தான். இன்னையிலேர்ந்து நான்தான் மேனேஜர். ஒனக்குச் சொல்லலையா?"

சிரித்தான். "அந்த லெட்டர்ல மொதல் கையெழுத்து ஒன்னோடதுதானே?"

ஃபேக்டரி இருக்கும் மம்பாவுக்கு முன்பே, செம்பனைத் தோட்டத்து ஓரமாக இறங்கிவிட்டேன். கடிதம் எழுதிய தோழிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். மற்ற ஐந்து பேரில் ஒருத்திகூட போனை எடுக்கவில்லை.

குழுவில் சண்டை இன்னும் ஓடுகிறது. செத்தவன் எப்படி வந்தான் என்று படத்தில் காரணம் சொல்லியே ஆகவேண்டுமாம்.

எனக்கும் யாராவது காரணம் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். எட்டு மணிக்கு ஷிப்ட்.