பெயர் போடாத பதிவு

கோகிலவாணியை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறைதான். மற்றபடி மூன்று வருடமாக அவள் எனக்கு ஃபோனுக்குள் இருக்கும் ஆள். ஆனாலும் அவள் மாமியார் எத்தனை மணிக்குக் காப்பி கேட்பார், மகள் கயல்விழி இட்லியை எந்தக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மணிக்கணக்காக உட்காருவாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். கூடப் பிறந்த தங்கையைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது.

சேலம், நாமக்கல் பக்கத்து அம்மாக்களுக்காக ஃபேஸ்புக்கில் ஒரு குரூப் இருக்கிறது. பதினோராயிரம் பேர். அதை நடத்தும் நான்கு பேரில் நானும் ஒருத்தி. நடத்துவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாபேட்டையில் என் வீட்டு அடுப்படியில் நின்றபடியே, முடி வளரும் எண்ணெய் விற்க வருகிறவர்களைத் துரத்துவேன், சண்டை போடுகிறவர்களை அதட்டுவேன். மற்ற நேரமெல்லாம் பிள்ளை சாப்பிடவில்லை, ஸ்கூல் வேன்காரர் ஹாரன் அடித்தே உயிரை வாங்குகிறார், நாத்தனார் வந்தால் போகமாட்டேன் என்கிறார், இதுதான் பேச்சு. என் வீட்டுக்காரர் இதை வெட்டி வேலை என்பார். அவர் நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்ப்பது என்ன வேலை என்று நான் இதுவரை கேட்டதில்லை.

கோகிலாவுக்கு இருபத்தொன்பது வயது. வெண்ணந்தூரில் பிறந்து, பி.காம். முடித்து, திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்கு வாக்கப்பட்டவள். புருஷன் பூபதி போர் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். அங்கே மழை பிடித்து வண்டி நின்றால்தான் ஊருக்கு வருவார். பதினான்கு வருடம் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று அவருக்குக் காது மந்தம். காது மந்தமானவருக்குத் தன் குரலும் சரியாகக் கேட்காது. அதனால் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வார்.

போன வருடம் குரூப்பில் இருபது முப்பது பேர் சேலத்தில் ஒரு பூங்காவில் கூடினோம். ஃபோனில் வாய் ஓயாத கோகிலா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் முதலில் அக்கம்பக்கம் பார்ப்பாள், பிறகுதான் பதில் சொல்வாள். பயந்த சுபாவம் என்று நினைத்தேன். கிளம்பும்போது எனக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்துவிட்டு, தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். புருஷன் வீட்டில் ஏதோ வாக்குவாதம் முற்றி அக்காவை வெண்ணந்தூருக்கே அனுப்பிவிட்டார்களாம். பையனை மட்டும் அவர்களே வைத்துக்கொண்டார்களாம். அக்கா தன் மகனை வருடத்துக்கு இரண்டு தடவைதான் பார்க்கிறாள் என்று சொன்னபோது, கோகிலா கயலின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிள்ளை வலிக்கிறது என்று கையை உதறிக்கொண்டது.

எங்கள் குரூப்பில் பெயர் போடாமலும் எழுதலாம். படிக்கிறவர்களுக்கு எழுதியது யார் என்று தெரியாது. ஆனால் பதிவு முதலில் நடத்துகிறவர்களிடம்தான் வரும், எங்களுக்குப் பெயர் தெரியும். பூபதி ஊருக்கு வந்த பத்தாம் நாள் கோகிலா அப்படி ஒன்று எழுதி அனுப்பினாள்.

"என்ற ஊட்டுக்காரரு ரிக்குல இருக்கறாருங்க. பத்து மாசம் நானும் கொழந்தையும் நிம்மதியா இருக்கறோம். அவரு வந்தா பயமா இருக்குது. அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு. ஆனா தண்ணி கேக்கறதுன்னாலும் கத்தித்தான் கேப்பாரு. கொழந்த போயி சிலிண்டருக்குப் பின்னால ஒளிஞ்சுக்குது. எப்பத் திரும்பப் போவாருன்னு நாள எண்ணிக்கிட்டு இருக்கறேன். இப்படி நெனைக்கறது தப்புங்களா?"

ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே இதைப் படித்தேன். பாவம் என்று நினைத்தேன், அனுமதி என்பதை அழுத்தினேன், கடுகு கருகிவிட்டதே என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் நானூறு பேர் கீழே எழுதிவிட்டார்கள். "எங்கூட்டுலயும் இதே கதைதானுங்க" என்றுதான் பாதிப் பேர். லாரிக்காரர் மனைவி, ரிக்காரர் மனைவி, துபாய்க்காரர் மனைவி எல்லாரும் இருந்தார்கள். கோகிலா எனக்குத் தனியாக எழுதினாள், மனது லேசாகிவிட்டது என்று. அந்த லேசு ஒரு நாள்கூட நிற்கவில்லை. யாரோ ஒரு மகராசி அந்தப் பதிவைப் படம் பிடித்துத் தன் புருஷனுக்கு அனுப்ப, அவர் ரிக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட, மறுநாள் காலைக்குள் ஊருக்கு வந்திருந்த ரிக்காரர்கள் எல்லாருடைய ஃபோனிலும் அது இருந்தது. இது யாருடைய பொண்டாட்டி என்பதுதான் டீக்கடைகளில் பேச்சு.

கோகிலா ரொம்பக் கவனமாகத்தான் எழுதியிருந்தாள். ஊர் பெயர் இல்லை, வயது இல்லை, குழந்தை பெண்ணா பையனா என்பதுகூட இல்லை. அந்தக் கவனம்தான் வினையாக வந்தது. எதுவுமே குறிப்பாக இல்லாததால் அது எல்லா வீட்டுக்கும் பொருந்தியது. படித்தவர்கள் பலரும் முதலில் தங்கள் பொண்டாட்டியைத்தான் ஒரு பார்வை பார்த்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் அதோடு விட்டார்கள். வேல்முருகன் விடவில்லை.

வேல்முருகன் பூபதியோடு அதே ரிக்கில் கம்ப்ரசர் பார்ப்பவன், பக்கத்து ஊர். அவன் மனைவி ரஞ்சனி, மூன்று வயதில் ஒரு பையன். அவளுடைய ஃபோனைப் பிடுங்கிப் பார்த்தவன், அவளும் எங்கள் குரூப்பில் இருப்பதைப் பார்த்ததும் எழுதியது அவள்தான் என்று முடிவே கட்டிவிட்டான். ஃபோனைச் சுவரில் அடித்து உடைத்தான். அவளை மட்டும் பஸ் ஏற்றி ஜேடர்பாளையத்துக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பையனைத் தன் அம்மாவிடமே வைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் ரஞ்சனி அவள் அம்மாவின் ஃபோனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் தேய்ந்திருந்தது. "நான் எழுதுலீங்க்கா. எழுதுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமாமே. நான் இல்லைன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்று நம்பரை வாங்கி வேல்முருகனுக்குப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினான். "பேரச் சொல்லுங்க, நம்பறேன். இல்லீன்னா பொம்பளைங்க நீங்க ஒருத்திய ஒருத்தி உட்டுக்குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சுக்குவேன்" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆள் எதிரில் இருந்திருந்தால் தோசைக் கரண்டிதான் பேசியிருக்கும். ஆனால் ஃபோனை வைத்த பிறகு கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. ஒருத்தியின் பிள்ளையைத் திருப்பி வாங்க இன்னொருத்தியின் பெயரை நான் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருத்திக்கும் அதே பயம்தான்.

கோகிலாவிடம் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். யாரோ வெளியூர்க்காரி எழுதினாள் என்று ஒரு பெயரைச் சொல்லிச் சமாளிக்கலாமா என்று நானே கேட்டேன். அப்புறம் அந்தப் பெயரில் இருக்கிற இன்னொருத்தி மாட்டிக்கொள்வாள் என்றாள். அது சரிதான், எனக்குத்தான் புத்தி போகவில்லை.

அவள் வீட்டில் என்ன நிலைமை என்று கேட்டேன். அந்தப் படம் பூபதியின் ஃபோனுக்கும் வந்திருக்கிறது, அவர் படிப்பதைத் தன் கண்ணாலேயே பார்த்தாளாம். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பேசுவதே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தானே எழுந்து போய் மொண்டு குடிக்கிறார். டிவியைப் போடுவதில்லை.

"முன்னயெல்லாம் சத்தத்துக்குப் பயந்தனுங்க்கா. இப்பச் சத்தமே இல்லீங்க. என்ன முடிவு பண்ணி வெச்சிருக்கறாருன்னு தெரியலீங்க."

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் அத்தாயி பக்கத்துப் போர்ஷனில் யாரிடமாவது தாழ்ந்த குரலில் பேசினால், தன்னை அனுப்பத்தான் பேச்சு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கயலை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் வேன் வரும் வரை வாசலிலேயே நின்றாள். பிள்ளையை வழியிலேயே யாராவது கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டாள். அப்படியெல்லாம் நடக்காது என்றேன். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

இப்படி நான்கு நாள் ஓடின. ரஞ்சனி தினமும் எனக்குப் பேசினாள், நான் தினமும் கோகிலாவுக்குப் பேசினேன். ரஞ்சனியின் பையனுக்குக் காய்ச்சல், அம்மா அம்மா என்று அனத்துகிறான், வேல்முருகன் மசியவில்லை என்று சனிக்கிழமை தகவல் வந்தது. அதையும் கோகிலாவிடம் சொன்னேன். சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். நான் அவளைத் தள்ளினேன் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோகிலா கூப்பிட்டாள். மாமியார் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறார், பூபதி வாசலில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்க்கிறார், இப்போதே சொல்லிவிடப் போகிறேன் என்றாள். தன் அம்மாவின் நம்பரைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாள். "நீங்க லைன்லயே இருங்க்கா. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்கம்மாவுக்குச் சொல்லிருங்க" என்றாள். அந்த நம்பரைக் காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஃபோனை அவள் ஜன்னல் திட்டில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

"ஏனுங்க, அத எழுதுனது நானுங்க."

"என்ன?"

"நாந்தான் எழுதுனனுங்க."

"கேக்குல. சத்தமாச் சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஒரு விஷயத்தை அவள் வேறு யாருக்கும் கேட்காமல் சொல்ல நினைத்திருப்பாள். ஆனால் அவள் சொல்ல வேண்டிய ஆளுக்கு மெதுவாகச் சொன்னால் கேட்காது. கோகிலா கத்தினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தெருவுக்கே கேட்டிருக்கும்.

"உங்களப் பத்தி ஃபோனுல எழுதுனது நாந்தானுங்க. ரஞ்சனி இல்லீங்க. உங்களுக்குப் பயந்துக்கிட்டு நாந்தான் எழுதுனேன்."

எதுவோ கீழே விழுந்தது. மிக்ஸி ஜாராகத்தான் இருக்கும். நான் வெண்ணந்தூர் நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் பூபதி பேசினார். ஒரு வாரமாக வாய்க்குள்ளேயே அடைத்து வைத்திருந்த அதே பெரிய குரல்தான், ஆனால் நடுநடுவே உடைந்தது.

"தெரியும். படிச்ச அன்னைக்கே தெரியும். கொழந்த ஒளியறத நான் பாத்துட்டுத்தான் இருந்தேன், பாக்காதவனாட்ட இருந்துக்கிட்டேன். வேலு அவனூட்டு ஆளுன்னு நெனச்சுத் திட்டறப்ப நானும் அந்த டீக்கடையிலதான் நின்னேன். எங்கூட்டு ஆளுன்னு சொல்ல வாய் வரல. நானும் சேந்து திட்டுனேன்."

எனக்கு நிம்மதி வந்ததா, ஆத்திரம் வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு நாள் இவள் அந்த மனிதரை நினைத்து நடுங்கினாள். அவரோ டீக்கடையில் நாலு பேருக்குப் பயந்துகொண்டு, ஒருத்தியைப் பிள்ளையிடமிருந்து பிரித்ததை வேடிக்கை பார்த்திருக்கிறார்.

அவர் உடனே வேல்முருகனைக் கூப்பிட்டார். காது கேட்காதவர் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார், அதனால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது. எழுதியது கோகிலா என்றும், அது தன்னைப் பற்றித்தான் என்றும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இல்லீங்கண்ணா" என்றான் வேல்முருகன். "அது எங்கூட்டுலதான் நடக்குது. நான் உள்ள வந்தா பையன் எந்திரிச்சு வெளிய போயிருவான். அப்படியே எழுதியிருக்குதுங்களே."

"எல்லாரூட்டுலயும் அதேதாண்டா. ரஞ்சனி எழுதுல. பையனத் தூக்கிக்கிட்டுப் போயி அவளக் கூட்டியா. அங்க போயிக் கத்தாத."

அதற்கு வேல்முருகன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கோகிலா விசும்ப ஆரம்பித்திருந்தாள். நான் ஃபோனை வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது பூபதி, "கயலு எங்க?" என்று கேட்டார். இங்கேதான் இருந்தாள், கலர் அடித்துக்கொண்டிருந்தாள் என்றாள் கோகிலா. "நீ கூப்புடு. நாங்கூப்புட்டா வரமாட்டா" என்றார்.

கோகிலா கூப்பிட்டாள். கயலு, சாமி, அம்மாகிட்ட வா கண்ணு என்று மூன்று தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை. எங்கே ஒளிந்தாலும் அவள் ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருகிற பிள்ளை. அன்றைக்கு அது அம்மாவும் கத்தியதைக் கேட்டிருக்கிறது.

பூபதியும் எழுந்து உள்ளே வந்தார் போலிருக்கிறது. கதவு திறக்கும் சத்தமும், இரண்டு பேரும் மாறி மாறி, ரொம்ப மெதுவாக, பிள்ளையைப் பெயர் சொல்லித் தேடும் சத்தமும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நான் ஃபோனை வைத்துவிட்டேன்.