ஸ்டோரில் காய்ந்த கிளாரினெட்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். நாங்கள் இருப்பது போடிக்கு மேலே, குரங்கணியில். மகள் போடியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்குச் சென்னையிலிருந்து ஒரு காற்றிசைக் குழு வந்திருந்தது. கிளாரினெட், டிரம்பெட், புல்லாங்குழல் என்று ஊதுகிற கருவிகளே நிறைந்த குழு. வாசிப்பதுதான் அவர்களுக்குத் தொழில். இரண்டு மாதம் தங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் தங்களோடு மேடையில் உட்காரவைத்துக் கச்சேரி செய்வதாக ஏற்பாடு.

என் மகளுக்குக் கிளாரினெட். சொல்லிக்கொடுத்த பெண், தான் சிறுவயதில் பழகிய மரக் கிளாரினெட்டையே அவளிடம் கொடுத்தனுப்பினார். வீட்டில் எந்நேரமும் பீப்பீ சத்தம். "ஏ ஆத்தா, செத்த நேரம் சும்மா இரு!" என்று கத்துவேன். ஆனாலும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பிள்ளைக்கு, அதைக் கையில் எடுத்தால் முகமே மாறிவிடும்.

கச்சேரி நெருங்கிய நேரத்தில் அடைமழை. பள்ளி முடிந்து திறந்த ஜீப்பில் வந்த மகள் கருவிப் பெட்டியோடு தொப்பலாக நனைந்துவிட்டாள். என் வீட்டுக்காரருக்கு ஏலக்காய் ஸ்டோரில் சோலி. விறகு எரித்து, அந்தச் சூட்டில் பச்சைக்காயைக் காயவைக்கிற இடம். மழைக்காலத்தில் துணி, புத்தகம் எது நனைந்தாலும் எங்கள் பக்கம் அங்கேதான் போகும். "கொண்டா, வெரசா காய வச்சுத் தர்றேன்" என்று வாங்கிப்போய், துண்டில் சுற்றி ஏலக்காய்த் தட்டிலேயே வைத்துவிட்டார்.

காலையில் எடுத்தால் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. மகள் அழவில்லை. "இனிமே என்னையக் கச்சேரியில சேத்துக்கிற மாட்டாகம்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மூவருமாகப் பள்ளிக்குப் போனோம். அந்தப் பெண் வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது, அதை அவர் மறைக்கவில்லை. "மரம்ண்ணே, அவ்வளவு சூடு தாங்காது. நான்தான் இத மொதல்லயே சொல்லிக் கொடுத்திருக்கணும்" என்றார். பிறகு தான் கச்சேரியில் வாசிக்க வைத்திருந்த ஒரே கிளாரினெட்டை எடுத்து மகளிடம் நீட்டி, "வாம்மா, ஆரம்பிக்கலாம். இதுக்குக் கொஞ்சம் கூடுதலா மூச்சு வேணும்" என்றார். அவ்வளவுதான், வகுப்பு தொடங்கிவிட்டது.

கச்சேரி அன்று மகள் அந்தக் கருவியில்தான் வாசித்தாள். பக்கத்து நாற்காலி காலி. அங்கே உட்கார்ந்து வாசிக்க வேண்டிய அந்தப் பெண் வெறுங்கையோடு கீழே இறங்கி வந்து, பின்வரிசையில் குனிந்த தலையோடு இருந்த என் வீட்டுக்காரர் அருகில் உட்கார்ந்தார். "நிமிந்து பாருங்கண்ணே, உங்க பொண்ணு வாசிக்குது" என்றார். நிமிர்ந்தவர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும்தான், எனக்கு மட்டும் என்ன கல்நெஞ்சா?

ஸ்டோரில் ஒரு தட்டுக் காய் கருகினால், நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடுவார்கள். நாங்கள் பார்த்துப் பழகியது அதைத்தான். இப்போதெல்லாம் மகள் எதைக் கெடுத்துவிட்டு வந்து நின்றாலும், திட்ட வாயெடுக்கும்போதே மேடையில் இருந்த அந்தக் காலி நாற்காலி கண்முன் வந்துவிடுகிறது, வாயை மூடிக்கொள்கிறேன்.