தாருக்கு அடியில் பதினேழு

அந்தப் பரிசலின் எண் பதினேழு. எழுதியவன் நான்தான்.

காவிரியில் பரிசல் வைத்துத் திருட்டு மணல் அள்ளுகிறார்கள் என்று புகார் எழுந்தபோது, மீன்பிடிப் பரிசல் அத்தனைக்கும் எண் எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. எண் இல்லாததைக் கண்ட இடத்திலேயே உடைத்துவிடலாம். தற்காலிக ஊழியனான என்னிடம் பெயின்ட் டப்பாவையும் ரிஜிஸ்டரையும் கொடுத்தார்கள். சேலத்தில் பஸ் ஏறி, ராசிபுரம் தாண்டும்வரை தூங்கி, நாமக்கல்லில் வண்டி மாறி ஆற்றங்கரைக்குப் போவேன்.

உள்பக்க விளிம்பில் எழுத வேண்டும் என்றுதான் உத்தரவு. நான் போன மத்தியானம் பரிசலெல்லாம் காய்வதற்காகக் கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டச் சோம்பல். அகலமான அடிப்பக்கத்திலேயே பெரிது பெரிதாக எழுதிவிட்டு, வேலை சீக்கிரம் முடிந்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனேன். மற்றவை ஃபைபர் பரிசல்கள். பதினேழு மட்டும் மூங்கில் பின்னி, சாக்கு தைத்து, அடியில் தார் பூசியது. வருஷா வருஷம் மறுபடி தார் பூசாவிட்டால் அது ஒழுகும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை.

ஆடித் தண்ணீர் வருவதற்கு முன் அதிகாரி சோதனைக்கு வந்தார்; நானும் கூடப் போயிருந்தேன். ஒரு பரிசலின் அடி மட்டும் புதுத் தாரில் கருகருவென்று இருந்தது. எண்ணைக் காணோம்.

பரிசல்காரர் ஓடி வந்தார். அறுபதை நெருங்கியவர், பரிசலை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. "நம்பர் தாருக்கு அடியில இருக்குதுங்க. இந்தச் சாமிதானுங்க எழுதுனாரு. கேட்டுப் பாருங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீ எழுதினதா? ரிஜிஸ்டர் எங்கே?"

ரிஜிஸ்டர் என் தோள்பையில் இருந்தது. எடுத்துக் காட்டினால், ஏன் அடியில் எழுதினாய் என்பதுதான் அடுத்த கேள்வி. என் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று அந்த மாதம்தான் முடிவு செய்யவிருந்தார்கள்.

"ஆபீஸ்ல இருக்கு சார். எழுதினதா ஞாபகம் இல்லை" என்றேன். நாக்கு கொஞ்சமும் குழறவில்லை. இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

தாரைச் சுரண்டிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. அதிகாரியோடு வந்த இரண்டு பேர் பரிசலைக் கடப்பாரையால் குத்தினார்கள். மூங்கில் முறிந்தபோது பரிசல்காரர் கத்தவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அதிகாரியிடம், "அவரும் பாவம், எத்தனையத்தான் நெனப்பு வெச்சிருப்பாருங்க" என்றார். எனக்காகப் பரிந்து பேசினார், அந்த மனிதர்!

என் வேலை நிலைத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, ஒரு பொய் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. அவர் சொல்லச் சொன்ன செபங்களை மடமடவென்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனதிலிருந்த கனம் இறங்கவில்லை.

தை பிறந்ததும் பரிசல்காரரிடமிருந்து போன் வந்தது. அதுவரை இன்னொருவர் பரிசலில் கூலிக்கு வலை இழுத்தாராம். இப்போது புதுப் பரிசல் பின்னியாகிவிட்டது, நம்பர் எழுத வேண்டும் என்றார். மன்னிப்புக் கேட்பதற்கு வழியெல்லாம் வார்த்தை கூட்டிக்கொண்டே போனேன்.

பரிசலை அவர் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் பிரஷை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இந்தவாட்டி உள்ளார எழுதிருங்க சாமி. அப்பறம் யாரு வந்து கேட்டாலும் நீங்க பேச வேண்டிய வேலையே இருக்காது பாருங்க."

குனிந்து பதினேழு என்று எழுதினேன். கேட்க நினைத்த மன்னிப்பை இன்றுவரை கேட்கவில்லை.