கேப்டனின் கால்

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். தைத்து முடிந்த சட்டையெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். காலரைப் புரட்டுவாள், தையலை நிமிண்டுவாள், பித்தானை ஒரு முறுக்கு முறுக்குவாள். கோணல் கண்ணில் பட்டால் சட்டை வந்த வழியே பறக்கும். சூப்பர்வைசரின் மச்சினி தைத்ததாக இருந்தாலும் அதே கதிதான்.

"கொஞ்சம் கண்டுக்காம விடேன்க்கா" என்று யாராவது கெஞ்சினால், "கண்டுக்கத்தான்டி எனக்குச் சம்பளம்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மகன் கல்லூரிக் கால்பந்து அணிக்குக் கேப்டன். ஆட்டத்தைப் பார்த்து அந்தப் பதவியைக் கொடுக்கவில்லை என்பது அவள் கட்சி. பையன் நல்ல உயரம். தலைமுடி காற்றில் அலை அலையாகப் பறக்கும். போட்டோவில் எடுப்பாக இருப்பான். பந்து பக்கத்தில் வந்தால் மட்டும் யாரோ அறிமுகமில்லாத ஆளைப் பார்த்ததுபோல் ஒதுங்கி நிற்பான்.

அந்த வருஷம் முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். மழை என்றார் அவள் கணவர். கூரியர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அவருக்கு, மகன் விஷயத்தில் மூளை விடுப்பில் போய்விடும். இரண்டாவதிலும் தோற்றார்கள். நடுவர் சரியில்லை என்றார். மூன்றாவதில் புல் உயரம்.

"தோத்ததுக்குக் காரணம் கண்டுபிடிக்கிற போட்டி வெச்சா, நம்ம வீட்டுக்குத்தாங்க கப்பு" என்றாள் அவள்.

"நீ வந்து பாரு, அப்புறம் பேசு" என்று ஒரு சனிக்கிழமை அவளை மைதானத்துக்கு இழுத்துப் போனார். எதிரணி பந்தோடு ஓடி வரும்போது கோல்கீப்பர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கோல் விழுந்ததும் பதினோரு பேரும் ஒருவரையொருவர் கை நீட்டிக் காட்டினார்கள். அதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை. கோச் சூயிங்கம் மென்றபடி, "பொசிஷன்! பொசிஷன்!" என்று கத்திக்கொண்டே இருந்தார். எந்தப் பொசிஷன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரே திணறியிருப்பார். மகனின் வெள்ளை ஜெர்சியில் பொட்டு மண் கிடையாது. வீட்டுக்கு வந்து அதைத் துவைக்காமல் அப்படியே மடித்து வைத்தாள்.

தோல்விமேல் தோல்வியாகக் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். அதிலும் தோற்றால் அடுத்த வருஷம் கீழ்ப்பிரிவில் ஆட வேண்டியதுதான். அதற்கு முந்தின நாள் காலையில் பயிற்சி முடிந்து பையன் நொண்டிக்கொண்டு வந்தான். கணவர் பதறிப்போய் தைலம் தேய்த்தார். சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது கோச் ஆப்பிள் பையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"கேப்டன் இல்லாம என்ன பண்ணப் போறோமோ தெரியலைம்மா" என்றார். முகத்தில் கவலையைத் தேடினாள். நிம்மதிதான் இருந்தது. சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டதே!

அவர் போனதும் மகன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காலையில வலது காலை நொண்டினே. இப்ப கட்டு இடது கால்ல இருக்கு. வலி வீடு மாத்திக்கிச்சாடா?"

"வலி பரவும்மா" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க."

கட்டை அவிழ்த்தாள். வீக்கமில்லை, சிராய்ப்புகூட இல்லை. கடையில் காட்சிக்கு வைத்த கால்போல வழவழவென்று இருந்தது.

"ஏன்டா இப்படிப் பண்ணே?"

பையன் சன்னலைப் பார்த்தான். "எப்படியும் தோக்கத்தாம்மா போறோம். நான் ஆடித் தோத்தா என் பேரு கெடும். நான் ஆடாம தோத்தா, கேப்டன் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்கன்னு சொல்லுவாங்க."

அவள் அசந்துபோனாள். அந்த வருஷம் முழுக்க அந்த அணியில் ஒருத்தன் முன்கூட்டி யோசித்துச் செய்த ஒரே காரியம் இதுதான்.

"நாளைக்கு நீ ஆடறே. இல்லேன்னா இந்தக் கட்டைக் கையில எடுத்துக்கிட்டு மைதானத்துக்கு நானே வருவேன்."

மறுநாள் இரண்டு காலும் நன்றாக ஊன்றி நடந்து வந்த கேப்டனைப் பார்த்து கோச்சின் முகம் தொங்கிப்போனது. "வந்துட்டியா?" என்றார்.

ஆடினான். நான்கு கோல் வாங்கினார்கள். கடைசியில் காலியான கோல் முன்னால் பந்து அவன் காலடிக்கே உருண்டு வந்தது. எட்டி உதைத்தான். பந்து மதிலைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தது. சிரித்தவர்களில் அவன் அணியின் கோல்கீப்பரும் உண்டு. விசில் ஒலித்தது. கீழ்ப்பிரிவு உறுதியாயிற்று.

அத்தோடு தொலைந்தது என்று அவள் கேலரியிலிருந்து எழுந்தாள். கீழே கோச் அவள் கணவரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "கால் வலியோட ஆடினான் சார். வேற யாருக்கு அந்தத் தைரியம் வரும்?" கணவருக்குக் கண் கலங்கியது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க, பையன் மெல்ல நொண்ட ஆரம்பித்தான்.

ஒரே வாரத்தில் கதை ஊர் முழுக்கப் பரவியது. கல்லூரி ஆண்டு விழாவில் முதல்வர் அவனுக்குச் சால்வை போர்த்தி, "காயத்தோடு களம் கண்ட கேப்டன்" என்று கேடயம் கொடுத்தார். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் கையை மடியை விட்டு எடுக்கவில்லை. பெற்றவளின் பூரிப்பு என்று பக்கத்திலிருந்த பேராசிரியை நினைத்துக்கொண்டு, "கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள்.

வீடு திரும்பும் வழியில் பையன் கேடயத்தை மார்போடு அணைத்தபடி அவள் பக்கத்தில் வந்தான். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீ மட்டும் அன்னைக்கு ஆடுன்னு சொல்லலைன்னா இதெல்லாம் கிடைச்சிருக்காதும்மா. எல்லாம் உன்னாலதான்."

"தூரப் போடா" என்றாள் அவள். "என் வாயைக் கிளறாதே."